நமக்கென ஒரு லினக்ஸ்: செய்தால் மட்டும் போதுமா?

செம்பரம்பாக்கம் ஏரியின் கரைமீது நடந்து பார்த்திருக்கிறீர்களா? 24 அடி உயரம் வரை நீர் நிற்கக்கூடிய ஏரி அது. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அடையாற்றில் நீர் விடுவதோடு, சென்னை நகருக்குக் குடிநீரும் தருகிறது இந்த ஏரி. முதன்முதலாகப் பார்ப்பவர்கள், "இவ்வளவு பெரிய ஏரியை எப்படித்தான் வெட்டினார்களோ!" என்று வியப்பார்கள். ஆனால் ஏரிப் பாசனத்தை அறிந்த உழவரைக் கேட்டால் வேறு ஒன்றைச் சொல்வார். ஏரியை வெட்டுவது ஒரு முறை. தூர் வாருவதும், கரையை அடைப்பதும், மதகைப் பழுது பார்ப்பதும் ஆண்டுதோறும். இரண்டாவது வேலை நின்றுவிட்டால் முதல் வேலை வீணாகிவிடும்.

இம்மாதம் நான் எழுத வந்தது ஏரியைப் பற்றி அன்று; கணிப்பொறியைப் பற்றி. ஆயினும் அந்த உழவரின் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் கருத்தும் அதுவே.

காயலான் கடைக்குப் போக இருந்த கணிப்பொறி

சென்ற ஆண்டு, செம்பரம்பாக்கத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவி ஒருத்தி ஒரு பழைய மடிக்கணிப்பொறியை என்னிடம் கொண்டு வந்தாள். அவளுடைய அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பில் படித்தபோது அரசு கொடுத்தது. "சார், வீட்டில் இதைக் காயலான் கடையில் போடச் சொல்கிறார்கள். போடலாமா?" என்று கேட்டாள்.

அதைத் திறந்து பார்த்தோம். திரையில் இரண்டு பெயர்கள் தோன்றின. ஒன்று விண்டோஸ், மற்றது பாஸ். "இந்தப் பாஸ் என்பது என்ன, சார்? எங்கள் வீட்டில் இதுவரை யாரும் அதைத் தொட்டதே இல்லை" என்றாள்.

அவளுடைய கேள்விக்கு விடை சொல்ல எனக்கு ஒரு பிற்பகல் தேவைப்பட்டது. உங்களில் பலருடைய வீட்டிலும் இத்தகைய கணிப்பொறி ஒன்று அலமாரியில் கிடக்கலாம். ஆகவே அந்த விடையை உங்களுக்கும் சொல்கிறேன்.

பாஸ் பிறந்த கதை

1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள், பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக உலகுக்கு அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. அடுத்த மாதம் வெளிவந்த முதல் வடிவத்தில் ஏறத்தாழ 10,000 வரிகளே இருந்தன. அதுதான் லினக்ஸ். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1983இல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை உள்ள மென்பொருள்களைத் தொகுக்கும் குனூ என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தார். இவ்விரண்டும் சேர்ந்தபோது, விலை கொடுக்காமலும், எவரிடமும் அனுமதி கேட்காமலும் பயன்படுத்தத்தக்க ஒரு முழு இயங்குதளம் உலகுக்குக் கிடைத்தது.

ஆனால் அது தனித்தனி உறுப்புகளாக இருந்தது. செங்கல் ஓரிடத்தில், மரம் ஓரிடத்தில், சுண்ணாம்பு ஓரிடத்தில் கிடந்தால் வீடாகிவிடுமா? அவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்துமாறு அமைத்து, எளிதாகக் கணிப்பொறியில் நிறுவும்படி தருவோர் தேவைப்பட்டனர். அவ்வாறு திரட்டித் தரும் தொகுப்பையே 'வழங்கல்' என்கிறோம். 1993இல் இயன் முர்டாக் என்பவர் தொடங்கிய டெபியன் அத்தகைய வழங்கல்களுள் தலையாயது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களே அதைப் பேணி வருகின்றனர். 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்த டெபியன் 13இல் ஏறத்தாழ 70,000 மென்பொருள் பொதிகள் உள்ளன.

இனி நம் ஊருக்கு வருவோம். 2005இல் சென்னையில் கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் அமைந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளையும், குரோம்பேட்டையில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் அதில் பங்கேற்றன. சி-டாக் சென்னையில் டெபியனை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளில் எழுதவும் படிக்கவும் ஏற்றவாறு அமைத்த வழங்கலே பாஸ். பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பது அதன் விரிவு. முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வெளிவந்தது.

2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்க்கு அவை கிடைத்தன. அவற்றில் விண்டோஸுடன் பாஸும் இடம்பெற்றது. சென்னையில் உருவான ஓர் இயங்குதளம் குக்கிராமத்து மாணவர் வீடு வரை சென்றது என்றால் அது சிறிய செயலன்று.

எனினும், என்னிடம் பயின்ற மாணவர்களில் பாஸைத் திறந்து பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏன் இப்படி ஆயிற்று? அதன் தரம் குறைவு என்பது காரணமன்று. வீட்டுக்குப் போன பிறகு அதைப் புதுப்பிக்கவும், ஐயம் வந்தால் விளக்கவும், பழுது வந்தால் சரி செய்யவும் பக்கத்தில் ஆள் இல்லை. ஏரி வந்தது, தூர் வார ஆள் வரவில்லை.

கெர்னல் என்னும் நீர்க்கட்டி

புதுப்பித்தல் ஏன் இவ்வளவு இன்றியமையாதது? இதை அறிய, இயங்குதளத்தின் இதயமான கெர்னலைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம்.

ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் உண்டு. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் பாய வேண்டும் என்று முறை வைத்து மடையைத் திறந்து அடைப்பவர் அவர். ஒருவர் வயலுக்கே நீர் முழுவதும் போய்விடாமல் காப்பதும் அவரே. கணிப்பொறியில் இந்த வேலையைச் செய்வது கெர்னல். ஒரே சமயத்தில் நீங்கள் பாட்டுக் கேட்கிறீர்கள், கட்டுரை எழுதுகிறீர்கள், படம் இறக்குகிறீர்கள். ஒவ்வொரு நிரலுக்கும் செயலியின் நேரத்தை நொடியின் சிறு சிறு கூறுகளாகப் பங்கிட்டுத் தருவதும், நினைவகத்தில் இடம் ஒதுக்குவதும், ஒன்றன் இடத்தில் மற்றொன்று நுழையாமல் தடுப்பதும் கெர்னலின் கடமை.

அதற்கு மற்றொரு கடமையும் உண்டு. விசைப்பலகை, திரை, வட்டு, வைஃபை சில்லு ஆகிய ஒவ்வொரு கருவியோடும் பேச அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வாறு பேசக் கற்றுத் தரும் பகுதிக்கு டிரைவர் என்று பெயர். 1991இல் 10,000 வரிகளாக இருந்த லினக்ஸ் கெர்னல் 2025இல் 4 கோடி வரிகளை எட்டிவிட்டது. அவற்றில் பாதிக்கு மேல் டிரைவர்களே. சந்தைக்குப் புதிய கருவிகள் வந்துகொண்டே இருப்பதால் கெர்னலும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒரு புதிய கெர்னல் பதிப்பு வெளிவருகிறது.

புதுப்பித்தலுக்கு இரண்டாவது காரணம் பாதுகாப்பு. 2016 அக்டோபரில் 'டர்ட்டி கௌ' என்ற பெயரில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. அதன் வழியே, ஒரு கணிப்பொறியில் சாதாரணப் பயனராக நுழைந்தவர், அதன் முழு அதிகாரத்தையும் கைப்பற்றிவிட முடியும். 2007ஆம் ஆண்டிலிருந்தே அந்த ஓட்டை கெர்னலில் இருந்தது! ஒன்பது ஆண்டுகள் அது அடைபடாமலேயே இருந்திருக்கிறது. கண்டுபிடித்தபின் சில நாட்களிலேயே அடைத்துவிட்டார்கள். ஆனால் அடைப்பு யாருக்குப் பயன்படும்? கெர்னலைப் புதுப்பித்துக் கொண்டவர்க்கு மட்டுமே.

மூன்றாவது காரணத்தை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். லினக்ஸ் நேரத்தை 1970 ஜனவரி 1 தொடக்கத்திலிருந்து கழிந்த நொடிகளாக எண்ணுகிறது. பழைய 32 பிட் அமைப்புகளில் அந்த எண்ணிக்கை 2இன் அடுக்கு 31ஐ, அதாவது 214,74,83,648ஐ எட்டும்போது இடம் போதாமல் போய்விடும். ஓர் ஆண்டுக்கு 3,15,57,600 நொடி என்று கொண்டு வகுத்துப் பாருங்கள். 68 ஆண்டும் ஏறத்தாழ 18 நாட்களும் வரும். எனவே 2038 ஜனவரி 19 அன்று அத்தகைய கணிப்பொறிகளின் கடிகாரம் பிழைபடும். 2020 மார்ச்சில் வந்த 5.6 என்ற கெர்னல், 32 பிட் கணிப்பொறிகளும் இந்த எல்லையைத் தாண்ட வழி செய்தது. ஆனால் 2015இன் கெர்னலை அப்படியே வைத்திருக்கும் 32 பிட் இயந்திரத்துக்கு அதனால் என்ன பயன்?

நமக்கென ஒரு வழங்கல் செய்வது எப்படி?

இதைக் கேட்டதும், "அப்படியானால் தனி வழங்கல் செய்வது பெரிய நிபுணர்களுக்கே முடியும்" என்று நினைத்துவிடாதீர்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. செய்வது எளிது.

டெபியனில் 'லைவ்-பில்டு' என்ற கருவி உண்டு. எந்தெந்த மென்பொருள் வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தால், அது அவற்றைத் திரட்டி ஒரே கோப்பாக்கித் தரும். அந்தக் கோப்பைப் பென் டிரைவில் பதித்துக் கணிப்பொறியை இயக்கினால், நிறுவாமலேயே அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம். எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கான பட்டியல் இப்படி இருக்கும்: எழுதவும் கணக்கிடவும் லிப்ரே ஆபீஸ், வானத்தைக் காண ஸ்டெல்லேரியம், தனிமங்களைப் பற்றி அறியக் கால்சியம், தமிழ்99 முறையில் தட்டச்சிட ஏற்பாடு, புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடை முடுக்கி மையம் உருவாக்கிய எக்ஸ்பைஸ் கருவியை இயக்கும் நிரல். எக்ஸ்பைஸ் என்பது கணிப்பொறியோடு இணைத்து மின்னழுத்தம், அதிர்வெண், கால அளவு முதலியவற்றை அளக்க உதவும் சிறிய, மலிவான கருவி. அதற்கான நிரல் டெபியனிலேயே கிடைக்கிறது.

நினைவகம் குறைந்த பழைய கணிப்பொறி என்றால், எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற இலேசான திரைத்தளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய கணிப்பொறி என்றால், டெபியனின் 'பேக்போர்ட்ஸ்' கிடங்கிலிருந்து புதிய கெர்னலைச் சேர்க்க வேண்டும். விரும்பினால் கெர்னலின் மூலக் கட்டளைகளை இறக்கி, நாமே தொகுத்துக்கொள்ளவும் செய்யலாம்.

அடுத்தது நிறுவி. இயங்குதளத்தை வட்டில் பதிக்கும் நிரலுக்கு இதுவே பெயர். இங்கே பலர் மறந்துவிடும் ஒரு செய்தி உண்டு. நிறுவியும் ஒரு கெர்னலின் மேல்தான் ஓடுகிறது. நிறுவப்போகும் கெர்னலை மட்டும் புதுப்பித்துவிட்டு, நிறுவியின் கெர்னலைப் பழையதாகவே விட்டால் என்ன ஆகும்? புதிய கணிப்பொறியின் வட்டையோ வைஃபையையோ நிறுவியால் அறிய முடியாமல் போகலாம். வீட்டுக்குள்ளே எல்லாம் புதிது. வாசற்கதவு மட்டும் திறக்காது! ஆகவே இரண்டையும் ஒருங்கே புதுப்பிக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும், கணிப்பொறிக்குள் கற்பனைக் கணிப்பொறி ஒன்றை உண்டாக்கும் கெமு போன்ற நிரலில் சோதித்துப் பார்க்கலாம். ஆர்வமுள்ள நான்கு மாணவர்களுக்கு இது ஓரிரு வார வேலை.

நாங்கள் செய்த தவறு

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், நாங்களே ஒரு முறை செய்திருக்கிறோம். 2016 ஜூனில், டெபியன் 8ஐக் கொண்டு எங்கள் துறைக்கென ஒரு வழங்கல் தயாரித்தோம். கணிப்பொறி இயங்கத் தொடங்கும்போது திரையில் எங்கள் துறையின் பெயர் தோன்றியது. அன்று நாங்கள் அடைந்த பெருமைக்கு அளவில்லை.

ஆய்வுக்கூடத்தில் 30 கணிப்பொறிகளில் அதை நிறுவ வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் நிறுவி கேட்கும் கேள்விகளுக்கு விடையளித்துக்கொண்டிருக்க நேரமில்லை. டெபியன் நிறுவியில், விடைகளை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைக்கும் வசதி உண்டு. மொழி எது? ஆங்கிலம். வட்டில் எவ்வளவு இடம்? முழுவதும். பழையன அழிந்துவிடும், சம்மதமா? சம்மதம். இப்படி எல்லாவற்றையும் நாங்களே எழுதி வைத்தோம். ஆய்வுக்கூடத்தில் வேலை ஒரே நாளில் முடிந்தது.

பிறகு அதே வட்டை மாணவர்களுக்கும் கொடுத்தோம். தவறு அங்கேதான் நிகழ்ந்தது. ஒரு மாணவன் தன் வீட்டுக் கணிப்பொறியில் அதைப் போட்டான். நிறுவி அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று நாங்கள்தாம் சொல்லியிருந்தோமே! அவன் தந்தை மளிகைக் கடை நடத்துபவர். மூன்று ஆண்டுக் கடன் பாக்கிக் கணக்கு அந்த வட்டில் இருந்தது. முழுவதும் அழிந்துவிட்டது. நானும் இரண்டு மாணவர்களும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கடையில் உட்கார்ந்து, பழைய ரசீதுகளைப் பார்த்துக் கணக்கை மீண்டும் எழுதிக் கொடுத்தோம். சில பாக்கிகள் கடைசி வரை கிடைக்கவே இல்லை.

டெபியனின் நிறுவி அழிப்பதற்கு முன் எச்சரிக்கும், தமிழிலும் பேசும். அவ்விரண்டையும் 'எங்களுக்கு ஏற்றவாறு' என்ற பெயரில் நீக்கியவர்கள் நாங்கள். மற்றவர் செய்த நல்ல பொருளைத் திருத்தும்போது, அதில் உள்ள ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது என்று கேட்ட பிறகே கைவைக்க வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

இதோடு கதை முடியவில்லை. நாங்கள் வட்டை வெளியிட்டது ஜூனில். டர்ட்டி கௌ ஓட்டை வெளிப்பட்டது அக்டோபரில். ஆய்வுக்கூடத்தில் இணைய இணைப்பு இல்லாததால், வழங்கலில் புதுப்பிக்கும் ஏற்பாட்டையே நிறுத்தி வைத்திருந்தோம். வீட்டில் இணைய இணைப்பு உள்ள மாணவர்க்கும் அடைப்பு போய்ச் சேரவில்லை. புதிய வட்டு தயாரித்திருக்க வேண்டும். செய்யவில்லை. வேலையில் தேர்ந்த மாணவர்கள் பட்டம் பெற்றுப் போய்விட்டார்கள். எனக்கும் தேர்வுத்தாள், வகுப்பு என்று நாட்கள் ஓடின. 2018 வரை அந்த ஓட்டை வட்டே கைமாறிக்கொண்டிருந்தது. புதிதாக வாங்கிய மடிக்கணிப்பொறிகளில் அது வைஃபையை அறியவில்லை என்று மாணவர்கள் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினோம்.

வெளியிட்ட நாளில் இனிப்பு வழங்கினோம். பேணுவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கேரளம் காட்டும் வழி

பேணினால் என்ன நடக்கும் என்பதற்கு அண்டை மாநிலமே சான்று. கேரள அரசு 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. நாளடைவில் பள்ளிக் கணிப்பொறிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. 2017இல் அத்திட்டம் கைட் என்ற நிறுவனமாயிற்று. உபுண்டு என்ற வழங்கலை அடிப்படையாகக் கொண்டு, பாடத்திட்டத்துக்கு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்து, பள்ளிகளுக்கென ஒரு வழங்கலைக் கைட் வெளியிட்டு வருகிறது. 2019இல் ஒரு பதிப்பு வந்தது. 2024இல் அடுத்தது வந்தது. 2019 பதிப்பை இரண்டு இலட்சம் கணிப்பொறிகளில் நிறுவுவதால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அப்போது கைட் கணக்குச் சொன்னது.

பணம் மிச்சமாவது நல்லதே. ஆயினும் என் கருத்தில் அதைவிடப் பெரிய ஆதாயம் வேறு. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி உண்டு. 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்கள் உயர்நிலைப் பள்ளிகளில் இயங்குகின்றன. பள்ளியின் கணிப்பொறி பழுதுபட்டால் கை வைக்கப் பள்ளிக்குள்ளேயே பழகியவர் இருக்கிறார். பாஸுக்கும் கேரளத்து வழங்கலுக்கும் உள்ள வேறுபாடு கெர்னலில் இல்லை. அதைச் சூழ்ந்திருக்கும் மனிதர்களில் இருக்கிறது.

சில எதிர்வாதங்கள்

"வேலைக்குப் போகும் இடத்தில் விண்டோஸ்தானே இருக்கும்? லினக்ஸ் கற்று என்ன பயன்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் இன்று இணையத்தைத் தாங்கி நிற்கும் பெரும்பாலான சர்வர்களில் ஓடுவது லினக்ஸ். உங்கள் கையில் உள்ள ஆண்ட்ராய்டு கைபேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னலே. உலகின் தலைசிறந்த 500 மீக்கணிப்பொறிகள் அனைத்தும் 2017 முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன. ஆகவே லினக்ஸ் கற்பது வேலைக்கு உதவாது என்ற வாதம் நிற்காது.

"சில அச்சுப்பொறிகளும் சில மென்பொருள்களும் லினக்ஸில் வேலை செய்வதில்லையே?" என்பது மற்றொரு கேள்வி. இது உண்மை, மறுப்பதற்கில்லை. அவற்றை நம்பித் தொழில் செய்பவர் விண்டோஸையே வைத்துக்கொள்ளட்டும். நான் கேட்பது, மாணவர் வீட்டு அலமாரியில் சும்மா கிடக்கும் இயந்திரத்தைப் பற்றியே.

அதைப் பற்றி இப்போது கேட்கக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் பழைய கணிப்பொறிகளில் இல்லை. ஓட்டையோடு அவற்றை ஓட்டுவதா, காயலான் கடையில் போடுவதா, மூன்றாவது வழி ஒன்றைக் காண்பதா என்பது இன்று பல வீடுகளின் கேள்வி. வீசினால் அதில் உள்ள ஈயமும் பிற நச்சுப் பொருள்களும் நம் மண்ணுக்கும் நீருக்குமே வந்து சேரும். ஏரிக்கரையில் வாழ்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

என் அனுபவத்தில் கற்ற நான்கு பாடங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, புதுப் பெயர் சூட்டுவதில் ஆசை கொள்ளாதீர்கள். டெபியனையே நிறுவி, நமக்கு வேண்டியவற்றின் பட்டியலை மட்டும் தனியே வைத்துக்கொள்வது பெரும்பாலும் போதும். நாம் செய்யும் மாற்றம் எவ்வளவு சிறியதோ, பேணும் சுமையும் அவ்வளவு சிறியது.

இரண்டாவது, புதுப்பிக்கும் வாய்க்காலை ஒருபோதும் அடைக்காதீர்கள். தாய் வழங்கலிலிருந்து வரும் அடைப்புகள் நம் கணிப்பொறிக்கு நேரே வந்து சேர வேண்டும். இணையம் இல்லாத பள்ளியானால், மாதம் ஒரு முறை பென் டிரைவில் கொண்டுவந்தாவது போட வேண்டும்.

மூன்றாவது, மருந்து அட்டையில் காலாவதி நாள் அச்சிடுவதுபோல, நாம் கொடுக்கும் ஒவ்வொரு வட்டின் மீதும் அதன் காலாவதி நாளை எழுத வேண்டும். டெபியன் பதிப்பு ஒன்றுக்கு மூன்று ஆண்டு முழு ஆதரவும், அதன்பின் இரண்டு ஆண்டு நீட்டிப்பும் உண்டு. ஆதரவு முடியும் நாளுக்குப் பிறகு அந்த வட்டு யார் கைக்கும் போகக் கூடாது.

நான்காவது, ஆண்டுதோறும் ஆட்களைப் பழக்குங்கள். பதினொன்றாம் வகுப்பு மாணவர் இருவர் பத்தாம் வகுப்பு மாணவர் இருவர்க்குக் கற்றுத் தந்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அந்தக் காலத்தில் ஊரார் கூடி ஏரியைப் பழுது பார்த்த வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். கணிப்பொறிக்கும் ஒரு குடிமராமத்து வேண்டும். கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி திறந்த முதல் வாரத்தை அதற்கு ஒதுக்கலாம். தமிழில் ஒரு பிழையான மொழிபெயர்ப்பைக் கண்டால், அதைத் திருத்தித் தாய் வழங்கலுக்கே அனுப்புங்கள். அது உங்கள் பள்ளிக்கு மட்டுமன்றி உலகத் தமிழர் அனைவர்க்கும் பயன்படும்.

2025ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கையடக்கக் கணிப்பொறியோ மடிக்கணிப்பொறியோ வழங்கப்போவதாகத் தமிழக அரசு அறிவித்தது. பழைய தவறு மீண்டும் நிகழக் கூடாது. கணிப்பொறியோடு, அதைப் பேணத் தெரிந்த மாணவர் குழுவும் ஒவ்வொரு கல்லூரியிலும் பள்ளியிலும் உருவாக வேண்டும். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு, வேண்டியது அக்கறை.

செம்பரம்பாக்கத்து மாணவியின் கணிப்பொறி என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? முதலில் அவள் அண்ணனின் படங்களையும் கோப்புகளையும் பென் டிரைவில் படியெடுத்தோம். இம்முறை அதை மறக்கவில்லை! பிறகு டெபியன் 13ஐத் தமிழ் நிறுவியைக் கொண்டு அவளே நிறுவினாள். நினைவகம் 2 ஜிகாபைட்டே என்பதால் இணையப் பக்கங்கள் மெதுவாகத்தான் திறக்கின்றன. ஆனால் கட்டுரை எழுதவும், எக்ஸ்பைஸை இணைத்து ஊசலின் அலைவு நேரத்தை அளக்கவும் தாராளமாகப் போதுமானதாக இருக்கிறது. கணிப்பொறியின் மூடியில் ஒரு சிறு தாளை ஒட்டியிருக்கிறாள். அதில், அடுத்துப் புதுப்பிக்க வேண்டிய நாள் எழுதியிருக்கிறது.